எழுவானில் நடை, படுவானில் நித்திரை: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

மட்டக்களப்பில் நிலத்துக்குப் பெயர் வைத்தவர்கள் சூரியனைப் பார்த்தே வைத்திருக்கிறார்கள். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக இருப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. பொழுது எழுகிற பக்கம், பொழுது படுகிற பக்கம். கல்லடியில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த இரண்டு பெயர்களுக்குள்ளும் ஒரு வைத்தியம் இருப்பது 44 வயதில்தான் தெரிந்தது.

அப்போது எனக்கு இரவில் நித்திரை இல்லை. அச்சகம் ஒன்றில் கணக்கு எழுதுகிற வேலை, பகல் முழுக்கக் கதிரை. பத்தரைக்குப் படுத்தால் ஒரு மணி, ஒன்றரை வரைக்கும் ஓட்டுக்கு மேலே பூனை நடப்பதைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். "நடவுங்க, நித்திரை வரும்" என்று எல்லாரும் சொன்னார்கள். நடந்தேன். வேலை முடிந்து மூன்று கூட்டாளிமாரோடு ஆறு மணிக்குப் பழைய கல்லடிப் பாலத்தில் ஏறி, புளியந்தீவுப் பக்கம் போய், காந்தி பூங்காவில் வாவியைப் பார்த்து இருந்துவிட்டுத் திரும்புவோம். மூன்று மாதம் இப்படிப் போனது. நித்திரை ஒரு நிமிடம்கூட முன்னுக்கு வரவில்லை. நடையில் பிழை இல்லை. திரும்பும் வழியில் ஏழரைக்கு ஒரு கடையில் சாயம் தூக்கலாக ஒரு பிளேன்டி (பால் விடாத தேத்தண்ணி), கதை சுவையாகப் போனால் இரண்டு. பிழை அங்கேதான் என்று கண்டுபிடிக்க எனக்கு எழுதுகிற கொப்பி ஒன்று தேவைப்பட்டது. கொப்பியின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது விடிய நடக்கிறேன், இரவு உறங்குகிறேன். இரண்டில் எது எதைக் கொண்டுவந்தது என்று கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆனால் எந்த முனையில் பிடித்தால் கயிறு கைக்கு வரும் என்று தெரியும். நித்திரையைப் பிடித்து இழுக்க முடியாது, இழுக்க இழுக்கத் தள்ளிப் போகும். எழும்புகிற நேரத்தையும் நடக்கிற நேரத்தையும் நம்மால் பிடிக்க முடியும். அந்த முனையில் இருந்துதான் இந்த வழிகாட்டி தொடங்குகிறது.

உள்ளே என்ன நடக்கிறது

கொஞ்சம் உடம்பு விளக்கம் கேளுங்கள், அது விளங்கினால் பிறகு சொல்வதெல்லாம் தானாக விளங்கும்.

கண் நரம்புகள் இரண்டும் குறுக்கே சந்திக்கிற இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பாகத்தில், ஏறக்குறைய 20,000 நரம்புக் கலங்கள் கொண்ட ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். எப்போது சூடு ஏற வேண்டும், எப்போது பசிக்க வேண்டும், எப்போது கண் சொக்க வேண்டும் என்று நேரம் சொல்வது அது. கலங்களுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கை: பெரும்பாலான மனிதரில் இந்தக் கடிகாரம் 24 மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். திருத்தாமல் விட்டால் ஒவ்வொரு நாளும் சில நிமிடம் பிந்தும். பழைய சுவர் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்ததைப் போல இதற்கும் நாள்தோறும் ஒரு திருத்தம் வேண்டும். அந்தத் திருத்தத்தைச் செய்வது கண்ணில் விழும் காலை வெளிச்சம்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். வீட்டுக்குள் டியூப் லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய நாளிலும் விடிந்து சற்று நேரத்தில் முற்றத்தில் அது ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். நம் கண்ணுக்கு இரண்டும் வெளிச்சமாகத்தான் தெரியும், கடிகாரத்துக்குத்தான் வித்தியாசம் தெரியும். விடிய வெளியே நின்றவருக்கு இரவில் மெலடோனின் சுரப்பு முன்கூட்டியே தொடங்கும். அது இருள் வந்துவிட்டது என்று உடம்புக்கு அறிவிக்கிற சுரப்பு.

இன்னொன்று அடினோசின். விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் மூளையில் இது சேர்ந்துகொண்டே போகும். சேரச் சேர நித்திரைப் பாரம் கூடும். உடம்பு வேலை செய்த நாளில் அந்தப் பாரம் இன்னும் கூடும். தேயிலையிலும் கோப்பியிலும் இருக்கும் கஃபீன் அடினோசின் உட்காரும் கதிரையில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். பாரம் இருக்கும், ஆனால் மூளைக்குத் தெரியாது. குடித்த கஃபீனில் பாதி குறைய ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் ஆகும். ஏழரைக்குக் குடித்த என் பிளேன்டியின் பாதி, நள்ளிரவு தாண்டியும் என்னோடு பாயில் படுத்திருந்தது.

மறுபக்கமும் உண்டு. இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் ஆழ்ந்த நித்திரை அதிகம். வளர்ச்சிச் சுரப்பு கூடுதலாக வருவதும், நடந்து களைத்த தசை திருத்தப்படுவதும் அப்போதுதான். சரியாக உறங்காத மறுநாள் பசியைத் தூண்டும் சுரப்பு கூடும், போதும் என்று சொல்லும் சுரப்பு குறையும், இன்சுலின் வேலை மந்தமாகும். சீனி வருத்தம் உள்ளவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நடக்கவும் மனம் வராது. நடக்காத நாளின் இரவு இன்னும் மோசமாகும். இந்தச் சுழலில்தான் நம்மில் பாதிப்பேர் சிக்கியிருக்கிறோம்.

தொடங்குமுன்

நெஞ்சு வருத்தம், பிரஷர், சீனி, மூட்டுவலி, மூச்சுத்திணறல் இருப்பவர்கள் கிளினிக்குக்குப் போகும் நாளில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று கட்டாயம் கேளுங்கள். சட்டைப்பையில் இரண்டு டொபி இருக்கட்டும்.

உரத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழும்புதல், பகலில் பஸ்ஸில் உட்கார்ந்தவுடன் கண் மூடுதல் — இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் அது நடையால் மட்டும் தீராது, வைத்தியர் பார்க்க வேண்டியது. நித்திரைக் குளிசை எடுக்கிறவர்கள் நடக்கத் தொடங்கிவிட்டோம் என்று தாங்களாக நிறுத்த வேண்டாம். சில குளிசைகளைத் திடீரென்று விட்டால் நித்திரை முன்பைவிடக் கெடும்.

நடக்கும்போது நெஞ்சு இறுகினால், தாடைக்கோ இடக்கைக்கோ வலி ஏறினால், உடனே உட்காருங்கள். 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸுக்கு எடுங்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சரியாகும் என்று நினைக்காதீர்கள்.

முதற்படி: எழும்பும் நேரத்தைக் கட்டுங்கள்

படுக்கும் நேரத்தை இப்போது தொடவே வேண்டாம். எழும்பும் நேரம் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். நம் பக்கத்தில் வருடம் முழுக்கச் சூரியன் 5.45க்கும் 6.25க்கும் இடையில் எழும்பிவிடும். மே கடைசியில் முந்தி, தை கடைசியில் பிந்தி. ஆகவே ஐந்தரை என்று வைத்துக்கொண்டால் எந்த மாதத்துக்கும் சரி. காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் சுபஹு தொழுகைக்கு எழும்புகிறவர்களுக்கு இந்தப் படி ஏற்கெனவே முடிந்துவிட்டது. தொழுதுவிட்டுத் திரும்பப் படுக்காமல் இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமையும் அதே ஐந்தரைதான். ஒரு நாள் எட்டு மணி வரைக்கும் படுத்தால் கடிகாரம் மேற்கே பல ஊர் தாண்டிப் போய்விட்டுத் திங்கட்கிழமை திரும்பி வர வேண்டும். பலருக்கு ஞாயிறு இரவு நித்திரை வராததற்குக் காரணம் திங்கட்கிழமை வேலைப் பயம் மட்டும் இல்லை.

முதல் நாலைந்து நாள் பகலில் கண் எரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். இரவில் வழமையைவிட முந்திக் கண் சொக்கும். அப்போது படுங்கள், அதற்கு முன் படுக்காதீர்கள். படுக்கும் நேரம் இப்படித் தானாக முன்னுக்கு நகர்ந்து பத்துக்கோ பத்தேகாலுக்கோ வந்து நிற்கும். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணித்தியாலமாவது வேண்டும். பத்தேகாலுக்குப் படுத்து ஐந்தரைக்கு எழும்பினால் கணக்குச் சரி.

இரண்டாம் படி: 10 நிமிடம், வெளிச்சத்தைப் பார்த்து

முதல் வாரம் பத்து நிமிடம்தான். கூட நடக்க ஆசை வரும். நடக்காதீர்கள். முதல் நாளே ஒரு மணித்தியாலம் நடந்து, மூன்றாம் நாள் கால் நோவென்று படுத்து, அத்தோடு விட்டவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

எழும்பி முகம் கழுவி, ஒரு கோப்பை தண்ணீர் குடித்து, வாசலைத் தாண்டுங்கள். தேத்தண்ணி திரும்பி வந்து குடிக்கலாம். போகும்போது கிழக்கே பார்த்துப் போகிற வழியாக ஒன்றை எடுங்கள். சூரியனை நேரே உற்றுப் பார்க்கச் சொல்லவில்லை, அது கண்ணுக்குக் கேடு. வானம் கண்ணில் படுகிற திறந்த வழியாக இருந்தால் போதும். கறுப்புக் கண்ணாடி அந்த நேரத்துக்கு வேண்டாம்.

டவுணில் இருப்பவர்களுக்குப் பழைய பாலத்தைவிட நல்ல இடம் இல்லை. 2013இல் புதுப் பாலம் திறந்தபிறகு பெரிய வாகனங்கள் அதனால் போகின்றன. பழைய இரும்புப் பாலத்தில் டவுண் பக்கமிருந்து கல்லடிக்கு நடந்தால் முகத்துக்கு நேரே வெளுக்கும். தோணிக்காரர் வலை இழுக்கிற சத்தம் கீழே கேட்கும். கல்லடி, நாவலடிக் கடற்கரை ஈரமணல் காலுக்கு மெத்தை, ஆனால் சரிவாக இருப்பதால் ஒரே திசையில் நெடுந்தூரம் போனால் இடுப்பு நோகும். போன வழியே திரும்பி வாருங்கள். கல்முனை, காரைதீவு, திருக்கோவில் ஆட்களுக்கும் கடற்கரை கிழக்கேதான், அவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

படுவான்கரைக்காரருக்கும் அம்பாறையின் உள்பக்கத்து ஊர்க்காரருக்கும் ஒரு எச்சரிக்கை. நன்றாக வெளுக்குமுன் வயல்வரம்புக்கும் குளக்கட்டுக்கும் போகாதீர்கள். யானை திரும்பும் நேரம் அது. உங்களுக்கு வீட்டு வளவைச் சுற்றி நடப்பதே நடை. வாவியோரம் புல் மண்டிய இடங்களில் இறங்க வேண்டாம், முதலை உண்டு. மெயின் ரோட்டில் நடப்பதானால் வாகனம் எதிரே வருகிற பக்கமாக, அதாவது வலப்பக்கமாக, வெள்ளை உடுப்போடு நடங்கள். அந்த நேரத்து பஸ்காரருக்கு ரோடு முழுக்கத் தன்னுடையது என்ற நினைப்பு. நாய் துரத்தினால் ஓடாமல் நில்லுங்கள், கையில் ஒரு தடி இருக்கட்டும். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மூன்றாம் படி: தூரத்தைக் கூட்டுதல்

இரண்டாம் வாரம் 15, மூன்றாம் வாரம் 20, பிறகு 25, ஆறாம் வாரத்தில் 30 நிமிடம். கிழமைக்கு ஐந்து நாள். 5 பெருக்கல் 30 என்றால் 150 நிமிடம், உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டலில் வளர்ந்தவர்களுக்குக் கேட்கிற குறைந்த அளவு அதுதான். ஒரே மூச்சில் முடியாதவர்கள் பத்துப் பத்தாகப் பிரித்து நடக்கலாம், கணக்கு ஒன்றுதான்.

10,000 அடி நடக்க வேண்டும் என்று போன் சொல்லும். அந்த இலக்கம் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது, வைத்தியசாலையிலிருந்து வந்ததில்லை. அதைப் பிடித்துக்கொண்டு இரவு ஒன்பதரைக்கு வீட்டுக்குள் விறுவிறுவென்று நடந்து எண்ணிக்கையை நிரப்புகிற ஒருவரை எனக்குத் தெரியும். அவர்தான் நித்திரை இல்லை என்று அதிகம் முறைப்படுபவரும்.

வேகத்துக்கு எளிய சோதனை: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாடுகிற வேலையைக் கல்லடிப் பாலத்துக்குக் கீழே பாடுவதாகச் சொல்லப்படும் மீன்களிடம் விட்டுவிடுங்கள். எண்ணிப் பார்க்க விரும்பினால் நிமிடத்துக்கு 100 அடி அளவில் வந்தால் போதும்.

செருப்பு விடயத்தில் நான் பட்டது. கடைக்காரர் "நடக்க நடக்க இளகும்" என்று சொல்லி அரை அளவு இறுக்கமான சப்பாத்து ஒன்றைத் தலையில் கட்டினார். இளகியது என் பெருவிரல் நகம்தான். சப்பாத்து வாங்கப் போவதானால் பின்னேரம் போங்கள், பகல் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். போட்டுப் பார்க்கும்போது விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சப்பாத்து இல்லாதவர்கள் பின்வார் உள்ள செருப்போடு நடக்கலாம். சிலிப்பர் மட்டும் வேண்டாம். அதை விழாமல் பிடிக்க விரல்கள் மடங்கி மடங்கிக் கெண்டைக்கால் பிடிக்கும், அந்தப் பிடிப்பு இரவு இரண்டு மணிக்குத்தான் வந்து எழுப்பும். சீனி வருத்தக்காரர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. வந்தவுடன் இரண்டு உள்ளங்காலையும் திருப்பிப் பாருங்கள், காயம் இருந்தாலும் அவர்களுக்கு நோகாமல் இருக்கலாம்.

பாதயாத்திரையில் ஒரு இரவு

நடையும் நித்திரையும் ஒன்றையொன்று எப்படித் தூக்கிப் பிடிக்கும் என்று பார்க்க விரும்பினால் ஆனி, ஆடி மாதங்களில் நம் வழியால் போகும் கதிர்காமப் பாதயாத்திரைக்காரரைப் பாருங்கள். மாமாங்கம், மண்டூர், திருக்கோவில், பொத்துவில் என்று வந்து உகந்தையிலிருந்து காட்டுப்பாதையில் இறங்குகிறவர்கள். ஒரு வருடம் திருக்கோவிலில் சேர்ந்து உகந்தை வரைக்கும் நானும் போனேன்.

முதல் இரவு கோவில் பக்கத்து மணலில் சாரத்தை விரித்துப் படுத்தேன். எனக்குப் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, துணிப்பொட்டலம் ஒன்றுதான் தலகணி. நான் இப்படியும் அப்படியும் புரள்வதைப் பார்த்துவிட்டு, "என்னத்துக்கு மனே உருளுறாய்? நாளைக்கு இன்னும் கொஞ்சம் நட, நித்திரை தன்ட பாட்டுல வரும்" என்றா. நான் பதில் சொல்லத் திரும்பினால் வாய் லேசாகத் திறந்திருக்க மூச்சு சீராகப் போய்க்கொண்டிருந்தது. விடியப்புறம் நாலு மணிக்கு "அரோகரா" சத்தம். வெயில் ஏறுமுன் பாதித் தூரம், நடுப்பகலில் மரநிழலில் சாய்வு, வெயில் சாய்ந்தபிறகு மிச்சம், இருட்டினால் சாப்பாடும் படுக்கையும். போன் வெளிச்சம் இல்லை, ஏழரைப் பிளேன்டி இல்லை. மூன்றாம் இரவு நான் படுத்தது நினைவிருக்கிறது, அதற்குப் பிறகு நாலு மணிதான் நினைவிருக்கிறது.

திரும்பி வந்து செய்தது ஒன்றுதான். அந்த ஒழுங்கில் தூரத்தை மட்டும் குறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நான்காம் படி: மாலையிலும் இரவிலும்

காலை நடை நிலைத்தபிறகு, அதாவது ஒரு மாதம் கழித்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் முற்றத்தில் மெதுவாக உலாவுங்கள். சாப்பிட்டவுடன் நடப்பது இரத்தத்தில் சீனி ஏறுவதைக் குறைக்கும், நெஞ்செரிவையும் தணிக்கும். இது உலா மட்டும். வியர்த்தால் பிழை. படுக்க ஒரு மணித்தியாலத்துக்கு முன் ஓட்டமும் வேகநடையும் வேண்டாம். நித்திரைக்கு உடம்புச் சூடு இறங்க வேண்டும், அந்த நேரத்தில் நாம் ஏற்றிவிடக் கூடாது.

மாலையில்தான் நேரம் கிடைக்கும் என்பவர்கள் மாலையிலேயே நடங்கள், நடக்காமல் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. விடிய பத்து நிமிடம் முற்றத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று வெளிச்சத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிளேன்டி கடைசியாக இரண்டு மணிக்கு. இதைச் சொன்னால் மட்டக்களப்பில் எனக்குப் பகை வரும் என்று தெரியும். பின்னேரம் வாய் கேட்டால் கொத்தமல்லித் தண்ணி, இஞ்சித் தண்ணி. சாராயம் நித்திரைக்கு மருந்து என்று நம்புகிறவர்களுக்கு: கண்ணை மூட வைக்கும், பிறகு மூன்று மணிக்கு எழுப்பி விட்டுவிடும்.

பகல் நித்திரை 20 நிமிடம், மூன்று மணிக்கு முன். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானச் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு நாலரை வரைக்கும் கிடந்தால் சேர்த்து வைத்த அடினோசினை அங்கேயே செலவழித்துவிட்டீர்கள், இரவுக்கு எதுவும் மிச்சம் இல்லை.

அறையைப் பற்றி: நம் ஊரில் நித்திரையைக் கெடுப்பது குளிர் அல்ல, புழுக்கமும் நுளம்பும். வலை கட்டுங்கள், ஓட்டை இருந்தால் தையுங்கள். டெங்கு நுளம்பு கடிப்பது விடியற்காலையிலும் பொழுதுபடுமுன்னும் கூடுதல் என்பதால் பகல் படுக்கைக்கும் வலை வேண்டும், நடக்கப் போகும்போது நீளக்கைச் சட்டை நல்லது. கரண்ட் இல்லாத இரவுக்கு யன்னல் திறந்து காற்று குறுக்கே ஓடுகிற மாதிரிப் பாயைப் போடுங்கள். படுக்க ஒரு மணித்தியாலம் முன்பு இரண்டு காலையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் வையுங்கள். புழுக்கத்தில் சுடுதண்ணியா என்று சிரிக்காதீர்கள். பாதத்து இரத்தக்குழாய்கள் விரிந்து உள்சூடு வெளியேறும், கண் சொக்கும். சீனி வருத்தக்காரர்கள் சூட்டை முழங்கையால் பார்த்துவிட்டு வையுங்கள், காலுக்குத் தெரியாமல் போகலாம். போனை வேறு அறையில் வைப்பது பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நானும் சொல்கிறேன், நானும் சில நாள் மீறுகிறேன்.

கொப்பி

40 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி நடுவில் ஒரு கோடு கிழியுங்கள். இடப்பக்கம் நடை, வலப்பக்கம் நித்திரை. காலை நடந்து வந்தவுடன் இரண்டு வரி. என் கொப்பியில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

"செவ்வாய். பின்னேரம் 40 நிமிடம், பாலம். 7.30 பிளேன்டி 2. — படுத்தது 10.30, நித்திரை 1.15க்குப் பிறகு.
புதன். மழை, நடக்கவில்லை. கடைக்கும் போகவில்லை. — படுத்தது 10.30, 11.30 போல நித்திரை.
வியாழன். 40 நிமிடம். பிளேன்டி 1. — 12.45."

புதன்கிழமை வரியைப் பார்த்துவிட்டு நான் முதலில் நினைத்தது, நடக்காத நாளில்தான் நித்திரை நன்றாக வருகிறது என்று. இன்னும் இரண்டு கிழமை எழுதிய பிறகுதான் குற்றவாளி நடை இல்லை, கடை என்று பிடிபட்டது. ஆகவே மூன்று நாளை வைத்து முடிவெடுக்காதீர்கள். நடை நித்திரையைத் திருத்துவதற்கு வாரங்கள் ஆகும், நெடுநாள் நித்திரை இல்லாதவர்களுக்கு மாதங்கள்கூட ஆகலாம். படுத்த நேரம் தெரியும், நித்திரையான நேரத்தைக் கொஞ்சம் உத்தேசமாகப் போடுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டாம், இரவில் மணிக்கூடு பார்ப்பதே ஒரு நோய்.

நித்திரை வராத இரவு

எல்லாம் சரியாகச் செய்தும் சில இரவு வராது. 20 நிமிடம் போல ஆகியும் கண் மூடவில்லையென்றால் எழும்பி விறாந்தையில் போய் உட்காருங்கள். மங்கல் வெளிச்சத்தில் வெங்காயம் உரியுங்கள், துணி மடியுங்கள், செபமாலை உருட்டுங்கள், தேவாரம் சொல்லுங்கள். கண் சொக்கினால் திரும்பப் போங்கள். பாய் என்றால் நித்திரை என்று உடம்பு படித்திருக்க வேண்டும், பாய் என்றால் கவலை என்று படிக்கக் கூடாது.

மறுநாள் ஐந்தரைக்கு எழும்பியே ஆக வேண்டும். இதுதான் இந்த வழிகாட்டியிலேயே கடினமான வரி. நடையைப் பாதியாகக் குறைக்கலாம், வேகத்தைக் குறைக்கலாம், ஆனால் வாசலைத் தாண்டுங்கள்.

இரவு வேலைக்காரருக்கு

வேளாண்மைக் காலத்தில் யானைக்குப் பரணில் காவல் இருப்பவர்கள், ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள் — உங்களுக்கு மேலே சொன்ன ஐந்தரை பொருந்தாது. வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ போட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். யன்னலில் தடித்த சாரம் ஒன்றைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கிப் படுங்கள். எழும்பிய பிறகு, அது பின்னேரம் இரண்டு மணியானாலும், நடை. வேலைக்குப் போகுமுன் நடப்பது வேலையில் விழிப்பையும் தரும். றமழான் மாதத்தில் இரவு இரண்டாகப் பிரிகிறவர்களும் தூரத்தைக் குறைத்து, நோன்பு திறந்து ஒரு மணித்தியாலம் கழித்து நடக்கலாம், அதற்கு முன் நடந்தால் தண்ணீர் தாகம் தாங்காது.

கச்சானும் மாரியும்

வைகாசி தொடக்கம் ஆவணி வரைக்கும் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் ஏழு மணிக்கே தரை கொதிக்கத் தொடங்கும். ஆறரைக்குள் நடையை முடித்துவிடுங்கள், தண்ணிப் போத்தல் கையில். அந்த நாட்களில் இரவும் காயும். படுக்குமுன் தலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது பழைய வைத்தியம், வேலை செய்யும்.

ஐப்பசி கடைசியில் வாடை திரும்பி மாரி பிடித்தால் தை வரைக்கும் நடைக்குச் சோதனை. விறாந்தை 20 அடி நீளம் என்றால் போய்வருவது 40 அடி. நேரத்தை வைத்து நடங்கள், தூரத்தை எண்ணினால் அலுத்துவிடும். மழை விட்ட இடைவெளியில் குடையோடு பத்து நிமிடம் கிடைத்தாலும் விடாதீர்கள், மேகத்துக்குள்ளாலும் வெளிச்சம் வரும். வெள்ளம் ஏறிய ஒழுங்கையில் நடக்க வேண்டாம். தண்ணீருக்குக் கீழே வடிகான் எங்கே திறந்திருக்கிறது என்று தெரியாது, எலிக்காய்ச்சலும் அந்தத் தண்ணீரிலிருந்துதான் வரும்.

வெள்ளம், காய்ச்சல், கல்யாணவீடு, செத்தவீடு என்று ஏதோ ஒன்றால் பத்து நாள் விடுபட்டுப்போகும். திரும்பத் தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். 30 நிமிடத்தில் விட்டிருந்தால் 15இல் தொடங்கி, இரண்டு கிழமையில் பழைய அளவுக்கு ஏறுங்கள். காய்ச்சலென்றால் அது நின்று, சாப்பாடு வழமைக்கு வந்த பிறகு. டெங்கு வந்து எழும்பியவர்கள் டாக்டர் சரி சொல்லும் வரைக்கும் முற்றத்தைத் தாண்ட வேண்டாம். கொப்பியில் விடுபட்ட நாட்களுக்கு ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த வரியில் எழுதுங்கள். என் கொப்பியில் போன மார்கழியில் பதினொரு கோடு இருக்கிறது. பன்னிரண்டாவது வரியில் "10 நிமிடம், விறாந்தை, மழை" என்று இருக்கிறது.